எழுதியவர் கையெழுத்து

ஒரு பாட்டைக் கேட்டதும் பாடியவர் யாரென்று பத்துப் பேர் சொல்வார்கள், எழுதியவர் யாரென்று கேட்டால் அந்தப் பத்துப் பேரும் பேச்சை மாற்றுவார்கள்; அந்த இடத்தில்தான் எங்கள் தொழில் ஆரம்பிக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு சிறிய சமுதாய வானொலியில் வேலை செய்கிறேன். ஒலிபரப்பாகும் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர், மெட்டுப் போட்டவர், பதிவு செய்தவர் பெயர்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவர்களிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும். மைக் பக்கமே போகத் தேவையில்லை என்று சொன்னதால்தான் சேர்ந்தேன். பேசுவதற்குப் பதில் எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். கையில் படிவத்தோடு அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, ‘இங்க ஒரு கையெழுத்து’ என்று சொல்லத் தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் கஷ்டம் புரியும்.

வீணை வாசித்த காலை

சினிமாப் பாட்டு ஒன்றை வானொலியில் போட இரண்டு அனுமதி வேண்டும். பாட்டைப் பதிவு செய்த கம்பெனியிடம் ஒன்று, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்குமாக இன்னொன்று. முதல் அனுமதி மட்டும் போதும் என்று எங்கள் நிலையம் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தது. போதாது என்று ஒரு கடிதம் வந்தது. நிலையப் பொறுப்பாளர் செல்வராஜ் சார் பயந்த சுபாவம். கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, மறுநாள் காலையிலிருந்து சினிமாப் பாட்டே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அப்போது எங்கள் கையில் ஒழுங்கான அனுமதியோடு இருந்தது ஒரே ஒரு இசைப் பதிவுதான். உள்ளூர்ப் பாட்டு டீச்சர் ஒருவர் வாசித்துக் கொடுத்த வீணை. காலை ஆறு மணிக்கு அதைப் போட்டோம். முடிந்ததும் மறுபடி போட்டோம். ஏழரை மணிக்கு மேல் போன் ஓயவில்லை. நம் நாட்டில் வானொலி விடிந்ததிலிருந்து வீணை மட்டும் வாசித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது நிலையத்தில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் அதுவரை தோன்றவில்லை. பஸ் ஓடுமா என்று ஒருவர் கேட்டார். பள்ளிக்கூடம் லீவா என்று ஒரு அம்மா கேட்டார், பின்னால் பிள்ளைகள் சத்தம் சந்தோஷமாகக் கேட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் மெதுவாகச் சொன்னதே துக்கக் குரல் மாதிரி இருந்திருக்க வேண்டும். கடைசியாகப் பேசியவர் கடத்தூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர்.

“பாதி ஷட்டர எறக்கிட்டேங்க. யாருன்னு சொல்லிட்டீங்கன்னா முழுசா எறக்கிடறேன்.”

இருபது பாட்டு

மாலை ஆறிலிருந்து ஏழு வரை பாட்டு நேரம். அதை நடத்துபவள் ரெஜினா. அந்த ஒரு மணி நேரம்தான் அவள் வேலை. சினிமாப் பாட்டு போனதும் அந்த நேரத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. செல்வராஜ் சார் ஒரு வழி சொன்னார். இந்தப் பக்கத்து ஆட்களே எழுதிப் பாடும் பாட்டுகள் இருபது, எழுதியவர் கையெழுத்தோடு மாதக் கடைசிக்குள் வந்துவிட்டால் ‘நம்மூர்ப் பாட்டு’ என்று நடத்தலாம். வராவிட்டால் மஞ்சள் பயிரில் இலைப்புள்ளி நோய் பற்றிய உரையாடலை மறு ஒலிபரப்பு செய்யலாம்.

நோய் பற்றி அறிவிக்க ரெஜினா தேவையில்லை. அவள் மறுபடி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு இரண்டு வருஷம் அங்கே இருந்தவள். பதிவு செய்ய அவள் என்னோடு வருவாள், ஆனால் வீடு தேடிப் போய் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது நான்தான் என்று ஏற்பாடு. ‘படிச்ச புள்ள கேட்டாத்தான் நம்புவாங்க’ என்று செல்வராஜ் சார் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ரெஜினா என் கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“நீ வாயத் தொறந்தீன்னா நான் உள்ளூர்ல இருக்கேன். தொறக்கலைன்னா திருப்பூர்ல இருக்கேன். பாத்துக்க.”

நான்கு எல்லை

கடத்தூர் பக்கத்தில் பெரியசாமி என்று ஒரு விவசாயி. போர்வெல் போட்டுப் போட்டுத் தண்ணீர் வராததைப் பற்றி எழுதி, டிராக்டர் ஓட்டிக்கொண்டே பாடுவார். கேட்டால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். பாட்டைத் தாராளமாகக் கொடுத்தார். படிவத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ‘உரிமை’ என்ற சொல் அதில் நான்கு இடத்தில் வருகிறது. அவர் அண்ணன் உரிமை என்ற சொல் இருந்த ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுத்தான் முக்கால் ஏக்கர் போனதாம். இதில் நிலம் எதுவும் இல்லை, பாட்டு உங்களுடையதாகவே இருக்கும், நாங்கள் ஒலிபரப்பிக்கொள்ள மட்டும் சம்மதம் என்று நான் சொன்னேன். சொல்லி முடிக்க வழக்கம்போல் நெடுநேரம் ஆனது. நான் தயங்கத் தயங்க அவருக்குச் சந்தேகம் கூடியது.

கடைசியில் படிவத்தைப் பத்திர ஆபீஸ் வாசலில் உட்காரும் எழுத்தரிடம் கொண்டுபோனார். நானும் பின்னாலேயே போனேன். எழுத்தர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். அவருக்கு எல்லாம் சரியாகவே பட்டது, ஒன்றைத் தவிர. சொத்து விவரம் இல்லை. நான் தடுப்பதற்குள் படிவத்தின் பின்பக்கம் அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார். பெரியசாமி முகத்தில் நிம்மதி வந்து, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் என்னிடம் நீட்டினார்.

“எல்லை போடாத பேப்பர் நிக்காதும்மா. மொத வரிக்கு மேற்கு, கடைசி வரிக்குக் கெழக்குன்னு போட்டிருக்கேன். இனி ஒருத்தன் உள்ள வர முடியாது.”

சாரின் தொடை

மூன்றாவது வாரம் பதினெட்டுப் பாட்டு சேர்ந்திருந்தது. ரெஜினாவின் மாமா சூசை, அவர்கள் ஊர்ச் சர்ச்சில் பாடல் குழு நடத்துகிறவர். நான் கேட்பதற்கு முன்பே நான்கு பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். ஆக இருபத்திரண்டு. அன்று ரெஜினா எனக்கு பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள்.

செல்வராஜ் சார் கேட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. மாமாவின் முதல் பாட்டைப் போட்டதும் தொடையில் தாளம் போட்டார். இரண்டாவது வரிக்குக் கூடவே முனகினார். மூன்றாவது வரி வருவதற்கு முன்பே அவர் அதன் மெட்டில் போய்விட்டார். வாழ்நாளில் சர்ச் வாசல் மிதிக்காத மனிதர். சட்டென்று தாளத்தை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். மூன்று பாட்டு அப்படியே சினிமா மெட்டு, ஒன்று மட்டும்தான் மாமா சொந்தமாகப் போட்டது. கூட வந்திருந்த சூசை மாமா கொஞ்சமும் கலங்காமல் விளக்கினார்.

“வார்த்தை பூரா என்னுதுங்க சார். மெட்டு மட்டும் அரூர் பஸ்ல கேட்டது.”

வானம் தெரிந்த கூழ்

இன்னும் ஒரு பாட்டு வேண்டும், இரண்டு நாள்தான் இருந்தது. சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பெண்கள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும்போது பாடும் பாட்டை ஏற்கெனவே பதிவு செய்திருந்தோம். எங்களிடம் இருந்ததிலேயே நல்ல பாட்டு அதுதான். கையெழுத்துத்தான் வாங்கவில்லை. யார் எழுதியது என்று கேட்டதற்கு ‘எல்லாருந்தான்’ என்றார்கள். படிவத்தில் எழுதியவருக்கு ஒரே ஒரு கட்டம். செல்வராஜ் சாரிடம் கேட்டேன். தனித் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்குரியவர் கையெழுத்து வாங்கி வா, ஒரு வரிகூட விடக்கூடாது என்றார்.

மல்லிகா என்பவர் வீட்டு வாசலில் பெண்கள் கூடினார்கள். களை பற்றிய வரி ஒருத்தியுடையது, லாரி பற்றிய வரி இன்னொருத்தியுடையது என்று கையெழுத்தும் கைநாட்டுமாகத் தாள் நிரம்பி வந்தது. நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டது.

‘மாமியா ஊத்துன கூழுல வானமும் தெரியுது, போற வெள்ளாடும் தெரியுது.’

இந்த வரி வரும்போது பதிவில் மல்லிகாவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்கும். மல்லிகா இப்போது கோழியை விரட்டிக்கொண்டிருந்தார். காரணம், நான்கு அடி தள்ளி அவர் மாமியார் முனியம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். யாருது என்று நான் கேட்டேன். எதிர் வீட்டுப் பெண் தன்னுடையது இல்லை என்றார், தனக்கு மாமியாரே இல்லை என்றார். இன்னொருத்தர் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் அடுத்த வரி எதற்குப் பதில் சொல்கிறது என்றே தெரியாது என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ரெஜினா தாளில் அந்த வரிக்கு எதிரே இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. எழுந்தேன். எழுதியவர் பேர் இல்லையென்றால் இந்தப் பாட்டு வராது, பாட்டு வராவிட்டால் இவளுக்கு வேலை இல்லை, குழந்தையை விட்டுவிட்டுத் திருப்பூர் போவாள் என்று ஒரே மூச்சில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மல்லிகா கோழி விரட்டுவதை நிறுத்தினார்.

முனியம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, மை டப்பியைத் திறக்கச் சொன்னார். அந்த வரிக்கு எதிரே கட்டை விரலை அழுத்தி எடுத்தார்.

“எம் பேரப் போட்டுக்க கண்ணு. எங்க மாமியாளுக்கு நாந்தான் கட்டிப் பாடுனது. இவதான் பதினஞ்சு வருசமா என்னயக் கேக்காமப் பாடிட்டிருக்கா.”

ஒரு பாட்டை ஒலிபரப்ப எங்களுக்கு நான்கு நிமிஷம் போதும், அதை எழுதியது நான்தான் என்று ஒருவரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் மாதக் கடைசி வரை ஆகிறது.