கலவை போட்டவள்

இருபத்திரண்டு வருடமாக அவள் எனக்குச் சித்தாள். நான் கொத்தன். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் ஜல்லி. வாயைத் திறந்தால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரிதான். எதிரில் நிற்பவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் கலவை என்று வந்துவிட்டால் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தே அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று சொல்லிவிடுவாள்.

ஊர் வளர்ந்துவிட்டது, வளர்ந்துவிட்டது என்கிறார்களே, அது ஒன்றும் தானாக வளரவில்லை. அவள் தலையில் ஏறித்தான் வளர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரி, ஏழு மாடிக் கடைவளாகம், கண்ணாடி பதித்த ஆபீஸ்கள் எல்லாவற்றுக்கும் அவள் செங்கல் சுமந்திருக்கிறாள். கடைவளாகம் திறந்த மறுநாள் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனாள். வாசலில் நின்ற காவலாளி, "யாரைப் பார்க்கணும்?" என்றான்.

"நீ சாஞ்சு நிக்கிறியே, அந்தத் தூணைப் பார்க்கணும். நான் சுமந்த தூணு. நேரா நிக்குதான்னு பார்க்க வந்தேன்" என்றாள். அவன் உள்ளே விடவில்லை.

கூலி ஏறியதா என்றால் ஏறியது; பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடு செல்போன் வந்தது. பிள்ளைகள் காலில் செருப்பு ஏறியது. ஆனால் நாங்கள் ஒரு தெருவில் ஒரு கட்டடத்தை முடித்தால் அந்தத் தெருவில் வாடகையும் ஏறும். உடனே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம் தேட வேண்டும். இப்படி ஆறு தடவை எங்கள் கையாலேயே எங்களைத் துரத்திக்கொண்டோம். கடைசியாக வந்து சேர்ந்தது பெரிய சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. அவள் வீடு முதலாவது, என் வீடு மூன்று கதவு தள்ளி. சந்தின் ஒரு முனையில் சாலை. மறுமுனையில் பதினெட்டுப் படி இறங்கினால் சாக்கடை.

அவள் புருஷன் கட்டடத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர். நாலாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று வாங்கி, அதில் செல்போன் உறை, சார்ஜர் ஒயர் எல்லாம் தொங்கவிட்டு, சாலையோரம் பஸ் நிறுத்தத்தில் வியாபாரம் செய்வார். "போய்த் தொலைய்யா, உன் மூஞ்சியைப் பார்க்க முடியல" என்று தினமும் அவள்தான் வண்டியைச் சாலைவரை தள்ளிவிடுவாள். அவர் சிரித்துக்கொண்டே போவார்.

போன வருடம் வெளிநாட்டிலிருந்து பெரிய மனிதர்கள் வருவதாகச் சொன்னார்கள். நாட்டின் வளர்ச்சியைப் பார்த்துவிட்டுத் தொழிலில் பணம் போடப் போகிறார்களாம். அவர்கள் கார் எங்கள் சாலை வழியாகப் போகுமாம். அப்போது நாங்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதற்காக ஏழடி உயரத்தில் ஒரு சுவர்.

ஆள் பிடிக்க வந்தவன் மேஸ்திரி. ஒரு காலத்தில் எங்களோடு சட்டி தூக்கியவன். இவளுடைய சாப்பாட்டு டப்பாவில் பாதியைத் தின்று உடம்பு வளர்த்தவன். இப்போது கார் வைத்திருக்கிறான். பத்து மூட்டை சிமெண்ட் வந்தால் மூன்று மூட்டை அவன் வீட்டுக்குப் போய்விடும். வளர்ச்சி எங்கே என்று யாராவது கேட்டால் நான் அவனைத்தான் கைகாட்டுவேன்.

"அக்கா, உங்க வாசல்லயே வேலை. பஸ் செலவு மிச்சம்" என்றான்.

"சந்தை அடைச்சுட்டா என் புருஷன் வண்டி எது மேல போகும்? உன் தலை மேலயா?"

"நாலே நாள்க்கா. அவங்க கிளம்பினதும் வழி உடைச்சு கேட் போட்டுத் தர்றதா ஆபீசர் சொல்லியிருக்காரு."

"ஆபீசர் சொன்னது இருக்கட்டும். நீ சொல்றியா?"

அவன் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான். அவள் காறித் துப்பி அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். "வர்றேன். ஆனா கலவை நான்தான் போடுவேன்" என்றாள். யார் போட்டால் என்ன என்று அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின புருஷனை அடைத்து வைக்கக் கூலிக்குப் போவாளா ஒருத்தி என்று கேட்டேவிட்டேன். "நாம போகலைன்னா வேற எவனாவது வந்து ஒழுங்கா கட்டிட்டுப் போயிடுவான்" என்றாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் வேலை சந்துக்கு நேரே வந்தது. அவள் கொட்டிய கலவையைக் கரண்டியில் எடுத்தேன். ஒட்டவே இல்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது கணக்கு. மேஸ்திரி திருடியது போக எட்டு. இது இருபது இருக்கும்.

"இது வெறும் மணலு" என்றேன்.

"உனக்குக் கட்டத்தான் கூலி. ருசி பார்க்க இல்ல."

முப்பது வருடத்தில் நான் கட்டிய சுவர் ஒன்றுகூட விழுந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. எனக்கென்று மிஞ்சியதும் அது ஒன்றுதான். அவள் அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் உறைத்தது. கீழ் வரிசைச் செங்கலின் இணைப்பும் மேல் வரிசையின் இணைப்பும் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. வந்தால் சுவர் அங்கே பிளந்துவிடும். தொழிலுக்கு வந்த முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பது அது. சந்துக்கு நேரே, அந்த வண்டி போகிற அகலத்துக்கு, இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை இணைப்பை ஒரே கோடாக விட்டேன். மேலே மெல்லிசாகப் பூசி மறைத்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் தொழில் கத்துக்கிட்டிருக்க, கொத்தனாரே" என்றாள்.

சாலைப் பக்கம் ஓவியம் வரைகிறவர்கள் வந்தார்கள். பச்சை வயல், சூரியன், சிரிக்கிற ஒரு குடும்பம். எல்லாருக்கும் வெள்ளை வெளேரென்று பல். சந்துக்கு நேரே அந்தக் குடும்பத்து அம்மாவின் முகம் வந்தது.

பெரிய மனிதர்கள் பதினொரு காரில் வந்தார்கள். நான் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் போயும்விட்டார்கள். மறுநாள் பேப்பரில் வறுமை பாதியாகக் குறைந்துவிட்டது என்று போட்டிருந்தது. குறையாமல் என்ன செய்யும்? பாதியை நாங்கள்தான் சுவருக்கு இந்தப் பக்கம் வைத்துக் கட்டிவிட்டோமே.

நாலு நாள் என்றது பத்தொன்பது நாள் ஆயிற்று. கேட் வரவில்லை. வந்தால் சுவரை விட்டுவிடலாம் என்றுதான் அவளும் பொறுத்திருந்தாள். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீசரைப் பார்க்கப் போனாள். அவர் வரைபடத்தை விரித்துப் பார்த்து, "இந்த இடத்துல சந்தே இல்லையேம்மா" என்றார்.

"சந்து இல்லைன்னா நான் எங்கேருந்து வந்தேன்? மழைக்கு முளைச்சேனா?"

"குரலைத் தாழ்த்திப் பேசு. நாடே முன்னேறிட்டிருக்கு, நீ ஒரு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற."

அவர் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியே வந்தாள். சந்துக்கு வந்தபோது புருஷன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, விற்காத உறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"திட்டினாக்கூட சிரிக்க மாட்டேங்குறாருய்யா" என்றாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் கதவைத் தட்டினாள். "சுத்திப் போயி சாலைப் பக்கம் நில்லு. ஒருத்தரையும் கிட்ட விடாதே."

படியிறங்கி, சாக்கடையைத் தாண்டி, அரை மணி நேரம் நடந்து சுற்றி வந்தேன். நின்றவர்களை விரட்டிவிட்டு ஒரு விசில் அடித்தேன். உள்ளே வண்டி வந்து மோதுகிற சத்தம் கேட்டது. ஓவியத்து அம்மாவின் நெற்றியில் ஒரு கீறல் விழுந்தது. "சுத்துய்யா! கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு!" என்று அவள் கத்தினாள். இரண்டாவது மோதலில் பூச்சு உதிர்ந்தது. மூன்றாவதில் ஏழடிச் சுவர், வண்டி அகலத்துக்கு மட்டும், கதவு சாய்கிற மாதிரி மொத்தமாகச் சாலைப் பக்கம் விழுந்தது.

புழுதி அடங்கியதும் அவள் செங்கலைக் காலால் எத்தி எத்தி வழி செய்தாள். வண்டி வெளியே வந்தது. புருவம்வரை மண் அப்பியிருந்த அந்த மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். என் கையால் கட்டியது விழுந்து கிடக்கிறது. முப்பது வருடத்தில் முதல் தடவை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

மத்தியானம் மேஸ்திரி வந்தான். கீழே கிடந்த ஒரு கலவைக் கட்டியை எடுத்து விரலால் கசக்கினான். மாவாக உதிர்ந்தது. சட்டி தூக்கியவன் அல்லவா, அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா..." என்றான்.

"என்ன, கலவை சரியில்லையா? முழுச் சுவரையும் சோதிச்சுப் பார்க்கச் சொல்லி எழுதிப் போடலாமா?"

அவன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டான். சுற்றும் முற்றும் பார்த்தான். "அடுத்த மாசம் வேற பெரிய மனுஷங்க வர்றாங்களாம். மறுபடி கட்டணும். வர்றீங்களா?" என்றான்.

அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் ஒரு பெண்ணிடம் சிவப்பு உறையையும் நீல உறையையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கூலி குடுக்குற வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் கட்டுறோம்" என்றாள். "ஆனா கலவை நான்தான் போடுவேன்."