ஜன்னலோரம் அடுக்கிய மூட்டைகள்

மெஹ்ராஜுக்கு வாய் நீளம் என்று போடி கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏலக்காய் வியாபாரி அபுபக்கருக்கு வாழ்க்கைப்பட்டவள் வேறு எப்படி இருப்பாள்? காய், காய் என்றே கிடந்த மனுசன். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்த பிறகும் அதே பேச்சுதான்.

ஆக்சிஜன் மிஷின் கரண்டில் ஓடுவது. மழை பிடித்தால் கரண்ட் தங்காது. அதற்காகவே ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் பின்னறையில் வைத்திருந்தார்கள். அதுவோ கொஞ்ச நேரம் ஓடிவிட்டுக் கொதித்து நின்றுவிடும். அது நிற்கும்போதெல்லாம் மெஹ்ராஜ் கட்டிலுக்கும் பின்னறைக்குமாக ஓடுவாள்.

மெக்கானிக் காசிராஜன் வந்தான். தண்ணீர், ஆயில், பெல்ட் எல்லாம் சரியாக இருந்தன. பிறகுதான் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"ஜன்னலை மறைச்சு மூட்டைய அடுக்குனது யாருக்கா?"

"அவுகதான் அடுக்கச் சொன்னாக. மழைக்குக் காய் ஈரம் இழுத்து நெறம் போயிருமாம். இங்கன சூடா இருக்குல்ல."

"சூடு வெளிய போக வழியே இல்லியே. விட்ட சூட்டையே திரும்ப இழுத்தா எஞ்சினு என்ன செய்யும்?"

மூட்டைகள் வராந்தாவுக்குப் போயின. அன்று ஜெனரேட்டர் மதியம் முழுக்க நிற்காமல் ஓடியது. அபுபக்கர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"காய் வீணாப் போயிரும், மெஹ்ராஜு."

"போகட்டும். உங்க மூச்சு பெருசா, காய் பெருசா?"

அவர் பதில் பேசவில்லை. அந்த மனுசன் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள் அதை மறந்துவிட்டாள், பாவி.

அடுத்த வாரம் கடை ஆள் மொக்கையனைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு மாத்திரை வாங்கக் கிளம்பினாள். மருந்துக்கடையில் நிற்கும்போதே மழை கொட்டியது, கரண்டும் போனது. ஜெனரேட்டர்தான் இருக்கிறதே என்று அவள் பதறவில்லை. மழை விட்டதும் வீடு திரும்பினாள். தெருவில் கரண்ட் இன்னும் வரவில்லை; வாசலில் ஜெனரேட்டர் சத்தமும் கேட்கவில்லை. கையிலிருந்த மாத்திரையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அபுபக்கரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூச்சு இல்லை. பின்னறையில் மூட்டைகள் பழையபடி ஜன்னலை மறைத்து நின்றன.

"மொதலாளிதாம்மா சொன்னாரு," மொக்கையன் அழுதான். "நீங்க வர்றதுக்குள்ள வெரசா உள்ள வச்சிரச் சொன்னாரு. ஓடிக்கிட்டிருந்தது திடீர்னு நின்னுபோச்சு. எத்தனை தடவை போட்டுப் பாத்தும் ஸ்டார்ட் ஆகலம்மா."

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, மெஹ்ராஜ் ஒரு மூட்டையைப் பிரித்தாள். உள்ளே கைவிட்டு அள்ளினாள். காய் அத்தனையும் பச்சையாக இருந்தது. இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவாள்?

அள்ளிய காயோடு வந்து கட்டிலருகே நின்றாள்.

"நெறம் போகலைங்க," என்றாள்.