நாற்பத்தேழாம் பக்கத்து உதை

செந்தில் ஊருக்குப் போய் வந்தால் எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தில் எல்லாருக்கும் அல்வா உண்டு. இந்த முறை எனக்கு மட்டும் கூடவே ஒரு பழுப்பு உறை. “அக்கா, சொல்லிட்டே இருப்பீங்கல்ல, அந்த புக்கு. சென்னைல பழைய புக்குக் கடையில கெடச்சிது” என்றான். உள்ளே ‘வெள்ளிப் பருந்து’. நான் போட்ட கூச்சலில் மேலாளரே எட்டிப் பார்த்தார்.

முதலில் முகர்ந்து பார்த்தேன். மட்டக் காகிதமும் மையும் கலந்த அதே வாசனை. சின்ன வயதில், ஞாயிறு பூசை முடிந்து தேக்கா சந்தையில் அம்மா மீன் வாங்கப் போகும்போது நானும் ரீட்டா அக்காவும் பத்திரிகைக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும் படக்கதைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்போம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தமிழ் வரட்டும் என்று அம்மா வாங்கித் தந்த ஒரே படக்கதை இது.

கதை இதுதான். பகலில் வங்கி குமாஸ்தா, மற்ற நேரத்தில் முகமூடி வீரன். பனிமலையில் ஏழு வருஷம் சண்டை கற்றவன். கூட வேலை செய்யும் மேகலா மேல் காதல், ஆனால் சொல்ல வாய் வராது. வில்லன் அவளைக் கோபுர உச்சியில் கட்டிப்போடுகிறான். நாற்பத்தேழாம் பக்கத்தில் அவளே கயிற்றை அறுத்துக்கொண்டு, இடது காலால் விடுகிறாள் பாருங்கள் ஓர் உதை! மூச்சிரைக்க ஓடி வந்த வீரன் வாயைப் பிளந்து நிற்கிறான். ஒருவழியாகக் காதலைச் சொல்கிறான். “முதலில் முகமூடியைக் கழற்றுங்கள், பிறகு பேசலாம்” என்கிறாள் மேகலா.

அந்த ஒரு பக்கத்துக்காக தோ பாயோ சமூக மன்றத்தில் தேக்வாண்டோ வகுப்பில் சேர்ந்தேன். நாலு வருஷம் உதைத்தேன். எதற்கெடுத்தாலும் இடது காலைத் தூக்குகிறேன் என்று மாஸ்டர் திட்டுவார். இப்போது அந்த முட்டிக்குத்தான் தினமும் தைலம். கணவர், பிள்ளைகள், செந்தில் என்று கிடைத்த காதில் எல்லாம் அந்தப் பக்கத்தை ஓதியிருக்கிறேன். “அந்தக் காலத்துலயே ஒரு ஓவியருக்கு என்ன துணிச்சல்!” என்று முடிப்பேன்.

வீடு திரும்பும் ரயிலில் படிக்க ஆரம்பித்தேன். குருநாதர் ஆறு பக்கத்துக்குப் பிரசங்கம் செய்கிறார். சண்டையெல்லாம் ஒரே புகை. காதலோ அதைவிட மோசம். போகட்டும், நாற்பத்தேழு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வந்தது. மேகலா கட்டுண்டே கிடக்கிறாள். உதைப்பது வீரன். அவள் அவன் மார்பில் மயங்கி விழுகிறாள். “பெண்ணே, உன் கண்ணீரைத் துடைக்கவே இக்கரங்கள்!” முற்றும்.

பக்கங்களை எண்ணினேன். எதுவும் குறையவில்லை. எங்கள் புக்கிட் பாஞ்சாங்கில் எல்ஆர்டி என்னும் குட்டி ரயில் வட்டமாகத்தான் ஓடும். என் நிலையத்தைத் தவறவிட்டு இன்னொரு சுற்றுப் போனேன். இறங்கியதும் காத்தோங்கில் இருக்கும் அக்காவை அழைத்தேன்.

“அக்கா, வெள்ளிப் பருந்துல கடைசியா மேகலாதானே உதைப்பா?”

மறுமுனையில் சிரிப்பு. “ஏய், அது நான் வரைஞ்சது லா! இன்னுமா தெரியாது உனக்கு? முடிவு புடிக்கலன்னு ரெண்டு நாள் அழுதே. பேப்பர் ஒட்டி வரைஞ்சு வெச்சிட்டு, ‘நீ சரியாப் படிக்கலடி, மறுபடி பாரு’ன்னேன். நம்பிட்டே.”

நம்பித்தான் இருக்கிறேன். அந்தப் பக்கம் மட்டும் தடிமனாக இருக்கும். முக்கியமான பக்கங்களை அப்படித்தான் அச்சடிப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு.

“புக்க பத்திரமா வெச்சிருக்கேல்ல?” என்றாள். “நான் வரைவேன்னா என் மக நம்பவே மாட்டேங்குறா. நர்சிங் சேர்ந்தப்புறம் பேனாவத் தொடவே இல்ல. வரைஞ்சது ஒண்ணுகூட என்கிட்ட இல்ல, உன்கிட்ட இருக்குற அது ஒண்ணுதான்.”

தோ பாயோவில் நாங்கள் வளர்ந்த வீட்டைக் காலி செய்தபோது அக்காவுக்கு மருத்துவமனையில் வேலை. சாமான்களை ஒழித்தது நான். பழைய பாடப்புத்தகங்களோடு அதையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டேன். ஒன்பது மாடியும் இடித்துக்கொண்டே விழுந்த சத்தம் கேட்டது. இப்போது அந்தக் கட்டடமும் இல்லை.

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. வெட்கமாக இருந்தது.

“தூக்கிப் போட்டுட்டேங்க்கா. ரப்பிஷ் சூட்ல.”

அவள் பக்கத்தில் ஏதோ பேருந்து நின்று கிளம்பும் சத்தம்.

“பரவால்ல லா,” என்றாள். “நீ பாத்தேல்ல. என் மககிட்ட நீ சொல்லு, போதும்.”

“ஊர் முழுக்கச் சொல்லியிருக்கேங்க்கா. அது மாதிரி ஒரு பக்கம் எவனும் வரைஞ்சதில்லன்னு.”

“அப்படியா?” குரல் இறங்கிவிட்டது. “என்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லலியேடி.”