முதலில் கையை விடாத ஊர்

அப்பாவின் ஓராண்டு நினைவுக்கு ஓசூர் வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்த அக்கா, "இதுலயாவது கொஞ்சம் அடக்கி வாசிடா" என்றார். முயல்கிறேன்.

அப்பா பிறந்தது கடலோரச் சிற்றூர் ஒன்றில். ஒரு காலத்தில் அது வைத்தியக் குளியலுக்குப் பேர்போன ஊர். வாதம், சொறி, தூக்கமின்மை என்று வருபவர்கள் காலையில் கடலில் முழுகுவார்கள். பிறகு கரையோரக் கந்தகக் கிணற்றில் குளிப்பார்கள். அந்தத் தண்ணீர் கூமுட்டை நாற்றம் அடிக்கும். அதனாலேயே அது மருந்து என்று நம்பினார்கள். தெருவெல்லாம் விடுதிகள். நோயாளிகளைக் கைபிடித்துக் கடலுக்குள் இறக்குவது என் தாத்தாவின் தொழில். அதற்கு ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அழைத்துப் போனவர் முதலில் கையை விடக் கூடாது. குளிப்பவர்தான் விட வேண்டும்.

பிறகு அந்தக் கிணற்றில் கடல்நீர் ஏறியது. பக்கத்து ஊர்களில் ஆஸ்பத்திரிகள் வந்தன. விடுதிகள் கருவாட்டுக் கிடங்குகளாயின. குளிக்க வருபவர்கள் நின்று, பிடிக்கக் கை இல்லாமல் போகவே அப்பா ஓசூருக்கு பஸ் ஏறினார். அங்கே கம்பெனியில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் அப்பா பக்கத்தில்தான் நிற்பார்கள். பயப்படாதே என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்லுவார்.

எங்களையும் ஒருமுறை அந்தக் கடலுக்கு அழைத்துப் போனார். எனக்கு அப்போது மீசை வந்து, வேலையும் கிடைத்திருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நான் போட்ட கூச்சலில் மீனவர்கள் வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அப்பா நிதானமாகச் சொன்னார்: "நீ விடுற வரைக்கும் நான் விடமாட்டேன்டா. மத்தியான சாப்பாட்டுக்குள்ள மட்டும் விட்டுடு."

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் நான் அதே ஆள்தான். அப்பாவின் கட்டிலருகே நாடித்துடிப்பு காட்டும் மெஷின் கூவினால் நர்ஸைத் தேடி ஓடுவேன். ஒருமுறை கூவியது பக்கத்துக் கட்டில்காரரின் செல்போன். நர்ஸம்மா அப்பாவை விட்டுவிட்டு எனக்கு பிரஷர் பார்த்தார். அப்பாவுக்கு இருந்ததைவிட எனக்குத்தான் அதிகம்.

கடைசி நாள் காலையிலும் எழுந்து ஓடப் பார்த்தேன். அப்பா கையை நீட்டினார்.

"ஓடாத. வந்து புடி."

"பயமா இருக்காப்பா?"

"மொத முழுக்குல எல்லாருக்கும் இருக்கும்."

உட்கார்ந்தேன். மெஷின் கூவியது, கால் தவித்தது, எழவில்லை.

கூடவே நின்ற கம்பெனி நண்பர்கள், வேளை தவறாமல் சோறு அனுப்பிய மத்தூர் அத்தை, எனக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்த நர்ஸம்மா, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். கடைசியில் அப்பா எப்படிப் போனார் என்று அன்று பலரும் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். அவர் ஊர் வழக்கப்படிதான் நடந்தது. நான் விடவில்லை, அப்பாதான் விட்டார்.