மணி அடிக்காத சனிக்கிழமை

இரண்டு வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் திறந்து கிடக்கிற ஓர் இரும்பு கேட் தெரிகிறது. கேட்டுக்கு வெளியே ரோடு. ரோட்டைத் தாண்டினால் கால்வாய்.

என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

மந்தைவெளிப் பக்கம் எங்கள் பங்குக் கோவிலில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்காக ஒரு கிளப் நடக்கிறது. கேரம், பாட்டு, கொஞ்சம் ஹோம்வொர்க், கடைசியில் சுண்டலோ பிஸ்கட்டோ. நடத்துவது கோவில்தான். ஆனால் வருவது அக்கம்பக்கத்து எல்லா வீட்டுப் பிள்ளைகளும். நெற்றியில் விபூதியோடு வந்து கிறிஸ்துமஸ் நாடகத்தில் சம்மனசாக, அதாவது தேவதூதனாக, நிற்கிற பையன்கூட உண்டு.

அங்கே எனக்கும் ஒரு வேலை. மணி அடிப்பது.

சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பத்தியில் இவ்வளவு பேசுகிறவன் நேரில் எப்படி என்று, என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளைச் சத்தம் போட்டுக் கூப்பிட என்னால் ஆகாது. ஃபாதர் அதைக் கவனித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பழைய கைமணி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"வாயே திறக்க வேணாம்ணே. இத ஆட்டுங்க, போதும்."

போதும்தான். எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்துவிடுவார்கள்.

அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு ஐஸ் பாய் — கண்ணாமூச்சிக்கு மெட்ராஸ் பிள்ளைகள் வைத்த பெயர். அதில் ஒரு தொல்லை இருந்தது. பிளஸ் டூ படிக்கிற பிரவீன் யார் குரலையும் அப்படியே பேசுவான். ஒளிந்திருக்கிற குட்டிகளை, அவரவர் அம்மா குரலில் கூப்பிட்டு வெளியே வரவழைத்துப் பிடித்துவிடுவான். ஏமாந்ததுகள் ஒரே அழுகை. கடைசியில் பிள்ளைகளே பஞ்சாயத்து பண்ணி ஒரு ரூல் போட்டார்கள். யார் கூப்பிட்டாலும் வெளியே வரக்கூடாது. அங்கிள் மணி அடித்தால்தான் ஆட்டம் முடிந்தது. அப்படியே செய்யுங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பிரவீனால் என் மணியைப் பேச முடியாது, பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை கோவிலில் ஒரு பெரியவருக்கு அடக்கப் பூசை. ஃபாதர் அங்கி மாட்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தார்.

"இன்னிக்கு மணி வேணாம்ணே. அந்த வீட்டுக்காரங்க ரொம்ப ஒடஞ்சு போயிருக்காங்க. சத்தமில்லாம எதாவது விளையாடட்டும்."

சத்தமில்லாத விளையாட்டு எது? ஐஸ் பாய்தான். மணியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

கிளப் நேரத்தில் எங்கள் கேட்டை எப்போதும் சாத்தியிருப்போம். அன்றைக்கு அமரர் ஊர்தி வந்தது, பின்னால் கார்கள் வந்தன. கேட் அகலத் திறந்தே கிடந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிடிபட்டு வந்தார்கள். பிஸ்கட் கொடுக்க ஆரம்பித்தபோதுதான் காவ்யா இல்லை என்று தெரிந்தது.

காவ்யாவுக்கு எட்டு வயது. அம்மா செல்வி பக்கத்துத் தெருக்களில் வீட்டு வேலை செய்கிறாள். கிளப்பில் சேர்க்க வந்த அன்று அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தெருவுல வுட பயமா கீதுண்ணா. இங்க செவுரு கீது, கேட்டு கீது. நா நிம்மதியா வேலய பாத்துனு வந்துடுவேன்."

சுவர் இருந்தது. கேட்...

பாத்ரூமில் பார்த்தோம். ஸ்டேஜுக்குப் பின்னால், கார்களுக்கு அடியில், மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பின்புறம். கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள் கிடக்கிற ஷெட்டுக்குள் பிரவீன் தலையை விட்டுப் பார்த்தான். துணி போட்டு மூடிய ராஜா, ஒட்டகச் சுரூபங்கள்தான் இருந்தன. "காவ்யா... காவ்யா" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டோம். சத்தமாகக் கூப்பிடப் பயம். உள்ளே பூசை நடக்கிறதே.

எனக்குக் காது அடைத்துப் போயிற்று. எல்லோரும் வாயசைப்பது மட்டும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துச் செல்வி வந்தாள்.

"இன்னாண்ணா, எங்க இவ?"

பிரவீன்தான் சொன்னான். "ஒளிஞ்சிருக்கா ஆன்ட்டி... தேடிட்டிருக்கோம்."

"எங்க தேடுற? கேட்டு தொறந்து கீதேடா."

ரோட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். எதிர் டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார். "சின்னப் பொண்ணு ஒண்ணு யாரோ ஒரு ஆளோட பைக்ல போச்சும்மா. உன் பொண்ணான்னு தெரியல."

செல்வி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து கால்வாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மறுபடி கோவிலுக்குள் ஓடி வந்து, நடுமுற்றத்தில் நின்று அலறினாள். "காவ்யா... ஏ காவ்யா... அம்மா வந்துட்டேண்டி..."

கோவில் வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

என் பக்கத்தில் ஒரு வாண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. செல்வியைப் பார்த்துவிட்டுச் சொன்னது. "அங்கிள், இந்த ஆன்ட்டி பிரவீன் அண்ணா மாதிரியே கத்துறாங்க."

அப்போதுதான் அந்த ரூல் எனக்கு உறைத்தது.

ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்து மணியை எடுத்தேன். முற்றத்துக்கு வந்தேன். ஆனால், சொன்னால் நம்புவீர்களா? உடனே ஆட்டவில்லை. மணியின் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரியாக அப்போது சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லியபடி முன்னால் வந்தார். அதற்காகக் கூச்சப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். கூச்சம் எங்கோ போய்விட்டிருந்தது.

இந்த மணிக்கும் அவள் வரவில்லையென்றால்? அப்புறம் அவள் இந்தச் சுவருக்குள் இல்லை என்றல்லவா அர்த்தம்? ஆட்டாதவரைக்கும் அவள் எங்கேயோ ஒளிந்திருக்கிறாள். ஆட்டிவிட்டால்...

செல்வி என் கையைப் பார்த்தாள். ஆட்டினேன்.

பெட்டி தூக்கியவர்கள் நின்றார்கள். ஃபாதரின் ஜெபம் நின்றது. அத்தனை கண்களும் என் மேல். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஆட்டினேன். கை வலித்தது.

ஷெட் கதவு திறந்தது.

மூடிய துணிக்கடியில் ராஜாக்களுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவே குந்தியிருந்தவள், தலையெல்லாம் வைக்கோலோடு ஓடி வந்தாள்.

"நான்தானே அங்கிள் வின்னர்?"

செல்வி மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் இடுப்பில் தூக்கிக்கொண்டாள், எட்டு வயதுப் பெண்ணை.

பெட்டிக்குப் பின்னால் வந்த அம்மாள், இறந்தவரின் மனைவி, என் அருகில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "கொழந்த கெடச்சுதாப்பா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு நடந்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு காவ்யாவிடம் கேட்டேன். அம்மா அப்படிக் கத்தினாரே, ஏன் வரவில்லை?

"பிரவீன் அண்ணான்னு நெனச்சேன் அங்கிள். அழுவுற மாதிரியே பண்ணாரா... சூப்பரா இருந்துச்சு."

பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று நாம் எத்தனை புலம்பியிருப்போம்? இந்தப் பெண் கேட்டாள். எழுத்துப் பிசகாமல் கேட்டாள். பெற்ற தாய் அலறியும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளையை நினைத்து நான் இப்படி நடுங்குவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நாம் ஒன்று சொல்லிவிட்டு மறந்துபோகிறோம். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இருட்டில் காத்திருக்கிறார்கள்.

செல்வி இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை வந்தாள். காவ்யாவை உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டைத் தானே சாத்தி, கொக்கியை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அந்த மணி எங்கண்ணா?"

எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி, ஓங்கி ஆட்டினாள். மூலைக்கு மூலை இருந்த பிள்ளைகளெல்லாம் ஓடி வந்து நின்றார்கள். முதல் ஆளாகக் காவ்யா.

"ஒண்ணியும் இல்ல, போங்க. சும்மா அடிச்சிப் பாத்தேன்" என்று மணியை என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இப்போதெல்லாம் நானும் அடிக்கடி சும்மா அடித்துப் பார்க்கிறேன்.