பதினைந்து கிலோ மைதா

புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு ரொட்டிக்கடையில் என் நைனா மாவு பிசைந்துகொண்டிருந்தார். முதலாளி வரும் நேரம் பார்த்துப் பேப்பரை விரித்துவைத்துக்கொள்வார். எழுத்து தெரிந்தவர் என்று நம்பித்தான் முதலாளி அவரை மேஸ்திரி ஆக்கியிருந்தார். அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "அஞ்சு படிச்சாச்சு இல்ல? இட்டாந்து அடுப்பாண்ட உடுய்யா" என்பார். நைனா சிரித்து மழுப்பிவிடுவார்.

படி போய் கிலோ வந்த காலம். ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்து கடையிலிருந்த படியையும் ஆழாக்கையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். புதுத் தராசும் எடைக்கற்களும் வந்தன. பன்னுக்கு மைதா எத்தனை படி என்று நைனாவுக்குத் தெரியும். எத்தனை கிலோ என்று யாருக்குத் தெரியும்? "பேஜாரா கீதேய்யா" என்ற முதலாளியிடம், "எம்புள்ள கணக்கு போட்டுக் குடுப்பான்" என்று மார்தட்டிவிட்டு வந்தார்.

எனக்கு அது ஒரு கணக்கா? ஒரு படி அரிசி ஒன்றரை கிலோ என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அரிசியானால் என்ன, மைதாவானால் என்ன, படி படிதானே? பத்துப் படி மைதாவுக்குப் பதினைந்து கிலோ. சர்க்கரைக்கும் அதே ஒன்றரை, உப்புக்கும் அதே ஒன்றரை. நோட்டுத்தாளில் எழுதி, அடியில் இரட்டைக்கோடும் இழுத்தேன். நைனா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ரசித்தார்.

மாதா கோயில் திருவிழாவுக்கு அன்றைக்குப் பன் ஆர்டர். யாரும் வருமுன்னே நைனாவோடு கடைக்குப் போய், நான் படித்துச் சொல்லச் சொல்ல அவர் நிறுத்துக் கொட்டினார். தண்ணீர் மட்டும் பழைய வாளிக் கணக்கு. கையை விட்டவர் சட்டென்று நின்றார். மாவைக் கிள்ளிப் பார்த்தார்.

"நல்லா பாத்தியா கண்ணு?"

"ரெண்டு தபா பாத்தேன் நைனா."

"அப்ப சரி. படிச்சவன் சொல்றே."

பிசைய ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வியர்வை சொட்டியது. ஆனாலும் ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதலாக ஊற்றவில்லை. தாளில் இல்லையே.

வெந்த தட்டுகளை மேஜையில் கவிழ்த்தார். பன் விழுகிற சத்தமா அது? ஜல்லி கொட்டுகிற சத்தம். மைதா அரிசியைவிட லேசு. ஒரு படி மைதா ஒரு கிலோவைக்கூட எட்டாது என்பதைப் பல வருஷம் கழித்து நானே நிறுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதே வாளித் தண்ணீருக்கு அன்று ஒன்றரைப் பங்கு மாவு விழுந்திருந்தது.

வாசலில் முதலாளியின் சைக்கிள் மணி கேட்டது. நைனா என் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கசக்கி அடுப்புக்குள் எறிந்தார். இரட்டைக்கோடு போட்ட என் தாள்.

முதலாளி ஒரு பன்னை எடுத்து மேஜையில் தட்டினார். "இத்தை எவன்யா துன்றது? கணக்கு போட்ட தொரை இவந்தானா? படிச்சுக் கிழிச்சது போதும். நாளைலேர்ந்து இங்க வரட்டும்."

"புள்ள சரியாத்தான் எழுதினான் முதலாளி," என்றார் நைனா. "காயிதத்தைப் பாத்து நாந்தான் தப்பாப் போட்டுட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது."

அந்த வார்த்தையை நைனா வெளியில் சொல்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"இத்தினி நாளா பேப்பரு பாத்துக்கினு இருந்தியேய்யா, அது இன்னா?"

"பொம்மை பாப்பேன்."

அதற்குள் வந்திருந்த வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டார். "போவட்டும். பையனாவது ஒழுங்கா படிக்கட்டும், உன்ன மாதிரி ஆவாம" என்றார். அதன்பிறகு என்னை அடுப்பாண்ட அனுப்பச் சொல்லி அவர் கேட்கவேயில்லை. மேஸ்திரி வேலை வேறொருவருக்குப் போனது. நைனாவுக்குக் கடையில் 'பொம்மை' என்றே பெயராகிவிட்டது.

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அவ்வளவு அழகாக எழுதிய தாளை எரித்துவிட்டாரே என்றுதான் ஆத்திரம். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. வேலை முடிந்து வந்ததும், மாவு காய்ந்த கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கோவமாடா கண்ணு?" என்று அவர்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.