வெறுங்கையோடு வந்த விருந்தாளி

ஹாஜறா மிஸ் மௌத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி எனக்கு முந்திச் சொல்லிவிட்டது. சாய்ந்தமருதில் எங்கள் தெருச் செய்தி ஒன்றில் நான் இரண்டாவதாக வந்தது அன்றுதான். மிஸ் இருந்திருந்தால், "என்ன தம்பி, ஒங்களுக்குத் தெரியாம ஒரு சங்கதியா?" என்று சிரித்திருப்பார்.

தாய் தகப்பனற்ற பெண்பிள்ளைகள் இல்லமொன்றில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பதினெட்டு வயதில் அங்கிருந்து வெளியேறும் பிள்ளைகளுக்கு அறையும் தொழிலும் தேடிக் கொடுப்பதை ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. அதெல்லாம் சரி. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அப்பிள்ளைகளின் அறைகளுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போவார். அதுவும் வெறுங்கையோடு! அதுதான் என்னைக் குடைந்தது. "யத்தீம் புள்ளைகள்ட சோத்தத் திங்கப் போறா" என்று தேநீர்க் கடையில் நானே கொளுத்திப் போட்டேன்.

அது அவர் காதுக்கும் போனது. தெருவில் என்னை மறித்தார். "எட்டிப் பாக்கிற நேரம் உள்ளுக்கே வந்து பாருங்களன், தம்பி. நாளைக்கு ஜும்ஆவுக்குப் பொறகு றிஸ்னாட அறைக்குப் போறன். வாங்க."

றிஸ்னா இல்லத்தை விட்டு வந்து இரண்டு கிழமை. மருதமுனையில் கைத்தறி வேலை, அங்கேயே ஒரு வாடகை அறை. இல்லத்துக்கே திரும்பப் போகிறேன் என்று அழுதாளாம். அங்கோ அவளுடைய கட்டிலுக்கு வேறு பிள்ளை வந்துவிட்டது. இந்த அறையில் தரிக்காவிட்டால் அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

அறைக்குள் நுழைந்தால், வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கிய பெரிய பானை நிறையச் சோறு, பக்கத்துச் சட்டியில் பருப்பு ஆணம். மாதத்துக்கு வாங்கிய அரிசி முழுவதும் வெந்து கிடந்தது.

"எத்தின பேருக்கு, மகள்?" என்றார் மிஸ்.

"தெரியா மிஸ். அங்க அறுவது பேருக்கு ஆக்கித்தான் பழக்கம். ஒராளுக்கு எப்படி ஆக்கிற? இவ்வளவு நாளும் கடையில பணிஸ் வாங்கித்தான் திண்ட." கண் கலங்கிவிட்டது.

மிஸ் ஏசவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒங்கட வாய்க்கு இன்டைக்குத்தான் நல்ல வேல வந்திரிக்கி. போய்ச் சோறு இரிக்கெண்டு தெருவெல்லாம் சொல்லுங்க."

சொன்னேன். என் தொழில் அதுதானே! கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரியும் தறிக்காரப் பெண்களும் பெரிய சஹன் தட்டுகளோடு வந்து, ஒரு தட்டைப் பலராகச் சுற்றி உட்கார்ந்தார்கள். "ஆணத்துக்கு உப்புக் காணா புள்ள. நாளைக்கு எங்கட ஊட்ட வா, காட்டித் தாறன்" என்றார் வீட்டுக்காரி. றிஸ்னா இல்லத்துக்குப் போகும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் கேட்டே விட்டேன். "ஏன் மிஸ் வெறுங்கையோட போறீங்க?"

"சாமான் குடுக்க எத்தினையோ பேர் இரிக்காங்க தம்பி. அதுகள்ட ஊட்டுக்கு விருந்தாப் போகத்தான் ஆளில்ல."

மறுநாள் தேநீர்க் கடையில் என் பழைய கதையைத் திருத்திச் சொன்னேன். நல்ல கதைக்கு அங்கே யார் காது கொடுத்தார்கள்!

அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அந்த ஒலிபெருக்கிச் செய்தி. மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சோறு வெளியிலிருந்துதான் வரவேண்டும். மிஸ்ஸை அடக்கிவிட்டு வந்தபோது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. றிஸ்னாவும் இரண்டு தறிக்காரப் பெண்களும் பெரிய பானையொன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத்தான் கேட்காமல் இருக்க வராதே. "எத்தின பேருக்கு, மகள்?"

"அறுவது பேருக்கு, மாமா. இன்டைக்கு அளவு சரிதானே?"

சரியாகத்தான் இருந்தது. மிஸ் அறை தேடிக் கொடுத்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு வந்து வீட்டை நிறைத்திருந்தார்கள். கடைசிச் சஹனில் எனக்கும் ஓரிடம் கிடைத்தது.

போய் வாருங்கள், மிஸ். இங்கே வெறுங்கையோடு எத்தனையோ வாசல்களுக்கு விருந்தாகப் போனீர்கள். அங்கே அல்லாஹ் உங்கள் விருந்தைச் சங்கையும் கண்ணியமுமாக்கி வைப்பானாக.